நடு ஆற்றில் தாய்மாமன் சீர்

இரண்டு கையிலும் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு ஆற்றங்கரையில் நின்றேன். தாம்பாளத்தில் பட்டுப்பாவாடை, குட்டியாக ஒரு ஜோடித் தங்கத் தோடு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கீரமங்கலம் பூக்கடையில் காலையிலேயே வாங்கிய சம்பங்கி மாலை. எனக்குப் பின்னால் என் மனைவி மல்லிகா. அவளுக்குப் பின்னால் பங்காளி வீட்டுப் பெண்கள், ஆளுக்கொரு தட்டோடு. அதற்குப் பின்னால் மேளக்காரர்கள். எல்லோருக்கும் கடைசியில், கழுத்தில் மாலையோடு ஒரு கிடா.

எதிரே வெள்ளாறு. ஆறு என்றால் நீங்கள் தண்ணீரை நினைத்துக்கொள்ளக் கூடாது. மணல். வெயிலில் கண்ணைக் கூச வைக்கிற வெறும் மணல்.

அக்கரையில் ஒரு பந்தல் தெரிந்தது. என் தங்கை வள்ளிக்கண்ணுவின் மகள் யாழினிக்கு அன்றைக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அந்த மடி என்னுடையது. மடி இக்கரையில் நின்றது. காது அக்கரையில் இருந்தது.

நடுவில் கிடந்த மணலை எட்டி நடந்தால் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் கடந்துவிடலாம். நான் நடக்கவில்லை. என் மாப்பிள்ளை சின்னையா, அதாவது தங்கை புருஷன், நேரில் வந்து "வாங்க மச்சான்" என்று கூப்பிடாமல் ஒரு எட்டுகூட வைப்பதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வண்டி ஏறியிருந்தேன்.

கை கழுவும் குழாயடியில்

இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு என் ரோஷம் புதிதில்லை. சில்லறை கேட்டதற்கு முறைத்த பயணியோடு வழி முழுக்கச் சண்டை போட்டதைச் சில வாரங்களுக்கு முன்னால்தான் எழுதினேன். கண்டக்டர் வேலையில் ரோஷம் இல்லாவிட்டால் பிழைக்க முடியாது. ரோஷம் இருந்தாலும் பிழைக்க முடியாது என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளையோடு எனக்கு இருந்த சண்டைக்குக் காரணம் ஒரு வேளைச் சோறு. சில வருடங்களுக்கு முன் அவர்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். வாழை மரம், பந்தல், நல்ல கூட்டம். பந்தி தொடங்கியதும் நான் கை கழுவும் குழாயருகே போய் நின்றேன். வீட்டுக்காரர் வந்து தன் மச்சானைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் இலையில் உட்கார வைப்பார், அதுதான் முறை. முதல் பந்தி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. யார் யாரையோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார் மாப்பிள்ளை. என் பக்கம் திரும்பவே இல்லை.

குழாயடியில் நின்ற என்னைச் சாப்பிட்டு முடித்தவன் என்று நினைத்து ஒருவர், "என்ன சாப்பாடு, நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். அதோடு கிளம்பிவிட்டேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து புரோட்டா தின்றேன். அந்தப் புரோட்டாவின் காரம் இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

மாப்பிள்ளை பக்கத்துக் கதை வேறு. "எங்க வீட்டு விசேஷத்துல கை நனைக்காம, ஒரு வார்த்தை சொல்லாமப் போனவரு அவரு. நான் எதுக்குக் கூப்பிடணும்?" என்று அவர் சொன்னதாகத் தங்கை சொன்னாள். ஆக இருவருமே கூப்பிடவில்லை, இருவருமே பேசவில்லை. பிள்ளைக்கு ஒரு வயதில் குத்த வேண்டிய காது, யூகேஜி போகும் வரை குத்தாமல் கிடந்தது. மொட்டை மட்டும் போட்டார்கள். காதைத் தொட விடவில்லை என் தங்கை. "எங்கண்ணன் மடியில உக்காராம எம்புள்ள காதுல ஊசி ஏறாது" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

யாழினிக்கோ ஜிமிக்கி ஆசை. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் காதை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறார்களாம். போனில் என்னிடம், "மாமா, ஒங்க மடி எப்ப மாமா வரும்?" என்று கேட்பாள். சீக்கிரம் வரும் கண்ணு என்பேன். ஆனாலும் கூப்பிட வேண்டியவர் கூப்பிட வேண்டாமா?

கடைசியில் தங்கையே வெற்றிலை பாக்கோடு வீடு தேடி வந்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். ஐப்பசிக் கடைசியில் ஒரு முகூர்த்தம். இடம், அவர்கள் குலதெய்வம் கருப்பர் கோயில்.

ஆத்துப்பாலம் ஒண்ணு

அந்தக் கோயிலுக்குச் சீர் வேன் போகுமா என்று பார்க்க, விசேஷத்துக்கு முன்பே ஒரு விடுப்பு நாளில் நான் மட்டும் பைக்கில் போய் வந்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

என் பஸ்ஸில் "ஆத்துப்பாலம் ஒண்ணு குடுங்க" என்று டிக்கெட் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். எந்த ஆறு என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. பாலத்துக்கு அடியில் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். எங்கள் மாவட்டத்து ஆறுகள் அப்படித்தான். மேற்கே நல்ல மழை பெய்து, கண்மாய்கள் எல்லாம் நிறைந்து வழிந்து, மிச்சம் இருந்தால் கீழே வரும். வந்தாலும் விருந்தாளி போல இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடும். மற்ற நாளில் ஆறுதான் எங்களுக்குக் குறுக்குப் பாதை.

கருப்பர் கோயில் இருப்பது இரண்டு ஆறுகளுக்கு நடுவில். வடக்கே வெள்ளாறு. தெற்கே ஒரு சிறிய ஆறு, ஊரார் அதைச் சின்னாறு என்பார்கள். இரண்டும் நெருங்கி நெருங்கி வந்து கோயிலுக்குக் கிழக்கே ஒன்றாகிவிடுகின்றன. நடுவில் நாக்கு மாதிரி நீண்ட மேடு. மேட்டில் இரண்டு மருத மரங்கள், ஒரு வேல், மண்குதிரைகள். மேற்கே கருவேலங்காடு, அங்கிட்டு வழி இல்லை. கோயிலுக்குப் போக ஆற்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கு அங்கே ஒரு சத்தமும் இல்லை. நாள் முழுக்க ஹாரனும் விசிலும் கேட்டுப் பழகிய காது என்னுடையது. முதலில் காது அடைத்துவிட்டதோ என்றுதான் நினைத்தேன். அப்புறம் எங்கோ ஒரு புறா குனுகுவது கேட்டது. மருத இலை ஒன்று மணலில் விழுந்ததுகூடக் கேட்டது.

மேட்டின் நுனிவரை நடந்தேன். இரண்டு மணலும் சேருகிற இடம் அதுதான். வெள்ளாற்று மணல் வெளுப்பு, பரல் பரலாக இருந்தது. சின்னாற்று மணல் சிவப்பு, மாவு போல. இரண்டும் சேர்ந்த இடத்தில் சேலைக்குக் கரை வைத்தது போல ஒரு கோடு ஓடியது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கால் வெள்ளையிலும் ஒரு கால் சிவப்பிலும் வைத்து நின்று பார்த்தேன். தண்ணீர் வந்தால் இங்கே எப்படி இருக்கும் என்று நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. எந்தக் காலத்தில் வந்து, எந்தக் காலத்தில் பார்ப்பது?

அப்படி நினைத்தது நான் மட்டும் இல்லை. விசேஷ நாளில் மாப்பிள்ளை வீட்டார் என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? மேட்டில் இடம் போதாது என்று பைக்குகளை எல்லாம் வெள்ளாற்று மணலில் நிறுத்திவிட்டார்கள். பிரியாணி அடுப்பைச் சின்னாற்று மணலில் மூட்டிவிட்டார்கள். ஐப்பசி மாதம், மேற்கே துவரங்குறிச்சிப் பக்கம் முந்தின நாள் நல்ல மழை. ஆனாலும் ஆற்றை ஆறு என்று ஒருவர்கூட மதிக்கவில்லை.

மைக்கில் வந்த குரல்

சீர் கொண்டு போகிறவர்கள் எல்லையில் நிற்க வேண்டும். விசேஷ வீட்டுக்காரர் எதிரே வந்து சந்தனம் கொடுத்து அழைத்துப் போக வேண்டும். அந்தக் கோயிலுக்கு எல்லை ஆறு. அதனால் நான் கரையில் நின்றது முறைப்படி சரி. மாப்பிள்ளை அக்கரையில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பதும் எனக்குத் தெரிந்தது. ஆனால் மணலில் இறங்கவில்லை.

"என்னங்க, அவரு அங்கிட்டு நிக்கிறாரு, நீங்க இங்கிட்டு நிக்கிறீங்க. வெயில் ஏறுது" என்றாள் மல்லிகா.

"வரட்டும்."

"பாதி ஆறு அவரு வரட்டும், பாதி நீங்க போங்க."

"கூப்பிட வேண்டியது அவரு."

அப்போது அக்கரை மைக் செட் கரகரத்தது. பாட்டு நின்றது. ஒரு ஆண் குரல், "மேக்கே வெள்ளாத்துல தண்ணி வருதுன்னு போன் வந்திருக்கு. ஆத்துக்குள்ள வண்டி நிப்பாட்டியிருக்கவுங்க வண்டிய எடுத்துருங்க. சீர் கொண்டாந்தவுங்க வெரசா தாண்டி வந்துருங்க" என்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைக் கூப்பிடாமலே வரவழைக்க மாப்பிள்ளை செய்கிற வேலை இது என்று ஒரு நொடியில் முடிவு கட்டிவிட்டேன். "வெள்ளாத்துல தண்ணியாம்ல. இந்த டக்கால்டிக்கெல்லாம் நான் ஆள் இல்ல" என்று சொல்லிக் காலை இன்னும் அகட்டி ஊன்றிக்கொண்டேன். மேளக்காரர்கள் சிரித்தார்கள். கிடாகூடச் செருமியது.

மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, அங்க பாருங்க."

வளைவில் என்னவோ நகர்ந்தது. முதலில் சருகு. சருகு தானாக நடந்து வருகிறதே என்று பார்த்தால் அதன் அடியில் நுரை. நுரைக்குப் பின்னால் பழுப்பாகத் தண்ணீர். கல்யாண மண்டபத்தில் பாய் விரித்துக்கொண்டே வருவது போல, மணலை மூடிக்கொண்டே அவசரம் இல்லாமல் வந்தது. அதற்கு முன்னால் வண்டும் எறும்பும் ஓடி வந்தன. மணல் உஸ்ஸென்று தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்த வாடை, முதல் மழையில் தெரு நனைந்தால் வருமே, அது பத்து மடங்காக.

ஐம்பது வயதுக்கு அப்போதுதான் ஓர் ஆறு வருவதைப் பார்க்கிறேன். அக்கரையில் ஆண்கள் பைக்கை உருட்டிக்கொண்டு கரையேறினார்கள். இக்கரையில் நான், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி, தட்டோடு நின்றேன்.

மைக் மறுபடி கரகரத்தது. இந்த முறை குட்டிக் குரல். வாய்க்கு மிகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினாள் போல, மூச்சு எல்லாம் கேட்டது.

"மாமா, அப்பா கூப்பிட மாட்டாராம். நான் கூப்பிடுறேன். வாங்க மாமா. எங்காது இங்க இருக்கு."

அதற்கு மேலும் நின்றால் நான் மனிதனா?

ஆற்றுக்குள்

"எறங்குங்க எல்லாரும்" என்று கத்தினேன். பஸ்ஸில் படியில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ளி ஏற்றுகிற அதே குரல். பெண்கள் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகி ஓடினார்கள். தவில்காரர் தவிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். ஓட்டத்திலும் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அவர் வாசித்ததற்கு என்ன ராகமோ தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

நடு மணலில் தண்ணீர் எங்களைப் பிடித்தது. முதலில் பாதம். குளிர்ச்சி என்றால் அப்படி ஒரு குளிர்ச்சி. ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். கணுக்கால், முழங்கால் என்று ஏறிக்கொண்டே வந்தது. பெண்கள் கரையேறிவிட்டார்கள் என்று மூச்சு விட்டபோது பின்னால் கிடா கத்தியது.

கயிற்றைப் பிடித்து வந்தவர் விட்டுவிட்டார். கிடா தண்ணீரில் நான்கு காலையும் ஊன்றி நின்றுகொண்டு ஓர் அடியும் எடுத்து வைக்க மறுத்தது. அதற்கும் ரோஷம். ஒரு கையால் தட்டைத் தலையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிற்றை இழுத்தேன். தண்ணீர் தொடையை எட்டியது. காலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டு ஓடியது. தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. தோடு இருந்த டப்பா விளிம்புக்கு நகர்வதை விரலால் உணர்ந்தேன். இது போனால் காதுகுத்தே இல்லை.

அப்போது ஒரு கை தட்டை நிமிர்த்தியது. சின்னையா. வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றியெல்லாம் வியர்வை. வருடக் கணக்கில் பேசாத மனிதர் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"தட்டைப் பிடிங்க மச்சான், கிடாவ நான் பாத்துக்கிறேன்."

நான் பதிலுக்குச் சொன்னது இன்னும் மோசம். "கழுத்துல மாலை இருக்கு மாப்ளே, பாத்துத் தூக்குங்க."

அவர் கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் தட்டோடு நடந்தேன். கரையேறித் திரும்பிப் பார்த்தால், நாங்கள் நின்ற இடத்தில் மணல் இல்லை. முழு ஆறு போய்க்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, அவரு கூப்பிடாமலே வந்துட்டீங்க" என்றாள் மல்லிகா என் காதருகே. ஆமாம், ஆற்றுக்குள் நாங்கள் பேசியதில் "வாங்க" என்ற சொல் இல்லவே இல்லை. எனக்கு அது சுருக்கென்றது. ஆனால் யாழினி ஓடிவந்து ஈர வேட்டியோடு நின்ற என் காலைக் கட்டிக்கொண்டாள்.

எப்ப மாமா குத்துவாங்க

மடியில் உட்கார்ந்ததும் பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது. எதிரே ஆசாரி ஊசியைச் சந்தனத்தில் தோய்த்து வைத்திருந்தார். யாழினி இரண்டு காதையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டு, "இன்னைக்கு வேணாம் மாமா, நாளைக்கு" என்றாள். வள்ளிக்கண்ணு கெஞ்சினாள். சின்னையா பொம்மை காட்டினார். கை இறங்கவில்லை. சந்தனம் காய்ந்துகொண்டே போனது. இதற்காகவா ஆற்றைத் தாண்டி வந்தோம் என்று எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

நாங்கள் உட்கார்ந்திருந்தது தெற்கே பார்த்து. கீழே சின்னாற்று மணலில் பிரியாணி தம்மில் இருந்தது. திடீரென்று சமையல் மாஸ்டர் கையை ஆட்டினார். "ஏய், இதுலயும் வருதுப்பா, சட்டியத் தூக்கு" என்ற சத்தம்.

சின்னாறு வந்தது. வெள்ளாறு போல நிதானம் இல்லை அதற்கு. செக்கச் செவேலென்று, துள்ளிக்கொண்டு வந்தது. ஆண்கள் எல்லோரும் இறங்கி ஓடினார்கள். மாப்பிள்ளை முன்னால் ஓடினார். வாளி, கரண்டி, அரிசி மூட்டை, எல்லாம் கைமாறி மேலே வந்தன. பெரிய அண்டாவைக் கம்பு கொடுத்து நான்கு பேர் தூக்க, அடுப்பை ஆறு சுற்றி வளைத்தது. கொள்ளி உஸ்ஸென்று அவிந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. அண்டா ஒரு முறை ஆடியது. பிறகு அண்டா மேட்டுக்கு வந்து சேர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

யாழினியும் தட்டினாள். மடியில் எம்பி எம்பித் தட்டினாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "எப்ப மாமா குத்துவாங்க?" என்று கேட்டாள்.

இரண்டு காதிலும் தோடு மின்னியது. அவள் ஆற்றையே பார்த்திருந்த நேரத்தில் வேலையை முடித்துவிட்ட ஆசாரி, ஊசியைத் துடைத்து டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார். என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

இரண்டு நிறம்

பிறகு யாழினியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டு நுனிக்குப் போனேன். மணலில் பார்த்த அந்தக் கோடு தண்ணீரிலும் இருந்தது. இந்தப் பக்கம் பழுப்பு, அந்தப் பக்கம் சிவப்பு. பக்கத்தில் பக்கத்தில், ஒட்டியும் ஒட்டாமலும் போய், கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில்தான் ஒரே நிறமாகின. இரண்டு ஆறுகளின் இரைச்சலுக்கு நடுவே அந்த நுனி மட்டும் அன்று பார்த்தது போலவே அமைதியாக இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிக் காகிதக் கப்பல் போலத் தண்ணீரில் விட்டேன். யாழினி தன் செருப்பையும் விடச் சொன்னாள். விட்டோம்.

பின்னால் பந்தி தொடங்குகிற சத்தம் கேட்டது. இலை போடுகிறார்கள். என் முதுகு தானாக விறைத்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தண்ணீரையே பார்த்தேன். பிரியாணி வாசனை வந்தது. பசியும் வந்தது. அங்கே புரோட்டாக் கடைக்குப் போகவும் வழியில்லை, இரண்டு பக்கமும் ஆறு.

காலடிச் சத்தம் கேட்டது. சின்னையா வந்து என் பக்கத்தில் நின்றார். அண்டா தூக்கியதில் கையில் கரி. அந்தக் கரிக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"வாங்க மச்சான். நீங்க உக்காந்தாத்தான் எலை போடச் சொல்லியிருக்கேன்."

இலை ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். கையை விடாமல் நடந்தேன். அன்று சாப்பிட்ட பிரியாணியில் ஆற்று மணல் லேசாகக் கடிபட்டது. அதற்கு ஈடாக ஒன்றை நான் தின்றதில்லை.

ஆறு வடிய மறுநாள் ஆகிவிட்டது. அதுவரை அத்தனை பேரும் அந்த மேட்டில்தான். ஆறு தாண்டி வந்த கிடாவை வெட்டக் கூடாது என்று யாழினி சொல்லிவிட்டதால் அதுவும் எங்களோடு இருந்தது. மதியம் கூப்பிட்டது போலவே இரவும் மாப்பிள்ளை என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டார். மறுநாள் காலையில் மிச்சச் சோற்றுக்குப் பந்தி என்றபோது, பாவம் மனிதர் எத்தனை தடவை அலைவார் என்று நானே முதல் ஆளாகப் போய் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அப்படியும் வந்து கூப்பிட்டார்.